ஏழு காலடி தூரம்

ஃபலேசி தன் துப்பாக்கியால் ஒரே ஒரு மிருகத்தைத்தான் சுட்டிருக்கிறாள். லுவாங்குவா ஆற்றங்கரைக் காட்டில் பதினாறு வருடம் காவலுக்கு நடந்தவள் ஒரே ஒரு தோட்டாவோடு தப்பித்தது பெரிய விஷயம் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்வார்கள். அவள் துப்பாக்கியைத் துடைக்கப் போய்விடுவாள்.

ஜீப்பில் உட்கார்ந்தபடி சிங்கம் பார்த்துச் சலித்துப்போன விருந்தாளிகளுக்கு, கால்நடையாகக் காட்டுக்குள் போக ஆசை வரும். காலை ஆறு மணிக்கு வரிசை கிளம்பும். முதலில் துப்பாக்கியோடு ஃபலேசி. அடுத்து வழிகாட்டி லாசலோ. அவனுக்குப் பின்னால் விருந்தாளிகள், கடைசியில் தேநீர்க் கூடையோடு ஒருவர். பேசுவதெல்லாம் லாசலோவின் பொறுப்பு. யானைச் சாணத்தைக் காட்டிக்கூட அரை மணி நேரம் சிரிக்க வைப்பான். ஃபலேசி வாய் திறப்பதில்லை. அவள் கையை உயர்த்தினால் எல்லோரும் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

பெண்களையும் காவலுக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட வருடம், மக்காச்சோளக் கொல்லையில் தகரம் தட்டி யானை விரட்டிக்கொண்டிருந்தவள் நேராகப் போய்ப் பெயர் கொடுத்தாள். மணல் மூட்டையைச் சுமந்து ஓடும் ஓட்டத்தில் பதினோரு ஆண்களை முந்தினாள். அவள் புருஷன் ஜைலோசி அன்று சாயங்காலம் சீருடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "துப்பாக்கிய வீட்டுக்கு மட்டும் கொண்டு வந்துடாத, மலும்போ அம்மா. என் சமையலப் பத்தி நீ சொல்றதே போதும்" என்றான். மலும்போ அவர்களுடைய ஒரே மகள்.

அவள் சுட்டது ஏழாவது வருடம், அக்டோபரில். காட்டுக் குட்டைகள் சேறாகிக்கொண்டிருந்த நாட்கள். நான்கு விருந்தாளிகளோடு ஒரு வறண்ட ஓடையைத் தாண்டும்போது, இடப்பக்கப் புதரிலிருந்து உறுமல் கேட்டது. ஃபலேசி கையை உயர்த்தினாள். பெண் சிங்கம் ஒன்று வாலைச் சுழற்றிக்கொண்டு பாய்ந்து வந்தது. அவள் முன்னால் ஓரடி எடுத்து வைத்து, கொல்லையில் யானையைத் திட்டும் அதே குரலில் கத்தினாள். சிங்கம் புழுதி பறக்க நின்றது.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் விருந்தாளிகளில் உயரமான ஒருவர் திரும்பி ஓட ஆரம்பித்தார். சிங்கம் மறுபடி கிளம்பியது. அவள் சுட்டாள்.

அது விழுந்த இடம் அவள் நின்ற இடத்திலிருந்து ஏழு காலடி. ஓடிய மனிதர் திரும்பி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஃபலேசி அவரைப் பார்க்கவில்லை. சிங்கத்தின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காம்புகளில் பால் கசிந்திருந்தது.

விசாரணை நடந்தது. சுட்ட காவலாளியைத் தவிர வேறொரு ஊழியரும் சாட்சி சொல்ல வேண்டும். லாசலோ ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தான்: 'நான் பார்த்தேன். அது நின்றிருக்காது.' அவள்மேல் தவறில்லை என்று கோப்பை மூடினார்கள்.

குட்டிகள் மூன்று, சாய்ந்து கிடந்த மரத்தடியில் இருந்தன. யாரும் தொடக்கூடாது, கூட்டத்திலுள்ள வேறு பெண் சிங்கம் வந்து எடுத்துக்கொள்ளும் என்று அதிகாரி சொன்னார். இரண்டு நாள் கழித்து ஃபலேசி போனபோது குட்டிகள் இல்லை. மண்ணில் சிங்கத்தின் தடம் இருந்தது. கழுதைப்புலியின் தடமும் இருந்தது. எது முதலில் வந்தது என்று தெரியாதபடி நடுவில் பபூன் குரங்குகள் விளையாடிவிட்டுப் போயிருந்தன.

ஊரில் அடிகுழாயடியில் பெண்கள் அவளைப் பார்த்துக் கைதட்டிக் குலவையிட்டார்கள். வீட்டுக்கு வந்து தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "அதுக்குப் பால் இருந்துச்சு, மலும்போ அப்பா" என்றாள்.

ஜைலோசி ந்ஷிமா களியைக் கிண்டிக்கொண்டிருந்தான். அவனுடைய சித்தப்பாவைச் சோளக் காட்டில் சிங்கம் தூக்கிப் போயிருந்தது. கரண்டியை வைத்துவிட்டு, "எங்க சித்தப்பாவுக்கும் அஞ்சு புள்ளைங்க இருந்துச்சு" என்றான். அதில் கோபம் இல்லை. அவள் கையில் தட்டைக் கொடுத்தான். இருவரும் சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அவள் அளக்கத் தொடங்கினாள். சிங்கம் பயமுறுத்துவதற்காகப் பாய்ந்து வந்து பாதியில் நின்றுவிடுவது காட்டில் புதிதல்ல. அப்படி நடந்து, சிங்கம் விலகிப் போய், விருந்தாளிகளை மரநிழலில் உட்கார வைத்த பிறகு, ஃபலேசி திரும்பிப் போய் அது நின்ற இடத்துக்கும் தான் நின்ற இடத்துக்கும் நடுவே நடந்து எண்ணுவாள். இருபத்திரண்டு. பதினேழு. ஒரு கிழட்டு ஆண் சிங்கம் பதினொன்றில் நின்றது.

"என்ன மலும்போ அம்மா, சிங்கத்துக்குப் பாவாடை தைக்கவா அளக்குறீங்க?" என்பான் லாசலோ.

"உன் வாய்க்குத் தைக்க."

எந்தச் சிங்கமும் ஏழுக்குள் வந்ததில்லை. ஒவ்வொரு முறையும் அவளுக்கு மனசு கொஞ்சம் லேசாகும். சந்தேகம் வரும்போதெல்லாம் லாசலோ எழுதிய வரியை நினைத்துக்கொள்வாள். அவன் பார்த்திருக்கிறான். அது நின்றிருக்காது.

இப்படியே ஒன்பது வருடம் ஓடியது. போன ஆகஸ்டில், காட்டெருமை ஒன்றைத் தின்றுகொண்டிருந்த சிங்கக் கூட்டத்தின் மேல் காற்று நடந்து வந்தவர்களின் வாசனையைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டது. இளம் பெண் சிங்கம் ஒன்று காதடைக்கக் கர்ஜித்துக்கொண்டு வந்தது. ஃபலேசி கத்தினாள். வந்தது. துப்பாக்கியைத் தோளில் வைத்தாள். இன்னும் வந்தது. விரல் விசையில் இருந்தது. விருந்தாளிகள் ஒருவரும் அசையவில்லை. சிங்கம் நின்றது, மண்ணை வாரி இறைத்தது, திரும்பிப் போனது.

எல்லோரையும் பத்திரமாக ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்த் தேநீர் கொடுத்த பிறகு, சிங்கங்கள் அகன்றதைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டு ஃபலேசி திரும்பிப் போனாள். லாசலோவும் கூடப் போனான். அவள் எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"அஞ்சு" என்று சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அஞ்சுன்னா என்ன? உயிரோட இருக்கோம்ல."

"இது அஞ்சுல நின்னுச்சு, லாசலோ. அன்னிக்கு நான் சுட்டது ஏழுலயே விழுந்துச்சு. இன்னும் ரெண்டடி குடுத்திருந்தா அதுவும் நின்னிருக்குமோ என்னவோ." அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீ பாத்தேல்ல? நிக்காதுன்னு எழுதினேல்ல? சொல்லு, எப்படி வந்துச்சு?"

லாசலோ தொப்பியைக் கழற்றினான்.

"நான் பாக்கல, மலும்போ அம்மா."

"என்ன பாக்கல?"

"அது ரெண்டாவது தடவ கிளம்பினப்ப கண்ண மூடிக்கிட்டேன். வெடிச்சத்தம் கேட்டுத்தான் தொறந்தேன். நீங்க நின்னுட்டு இருந்தீங்க, அது கெடந்துச்சு. உங்க வேல போயிடக் கூடாதுன்னு எழுதினேன். என் மானம் போயிடக் கூடாதுன்னும்தான்."

ஃபலேசி எழுந்து புழுதியைத் தட்டிக்கொண்டு நடந்தாள்.

மூன்று நாள் அவனோடு பேசவில்லை. நடை மட்டும் நடந்தது. அவள் கையை உயர்த்தினால் அவன் நிற்பான், இறக்கினால் நடப்பான். அவனுடைய வேடிக்கைப் பேச்சும் குறைந்துபோனது. அவளுக்கு அவன் பயந்தது உறுத்தவில்லை. பயப்படாதவன் இந்த வேலைக்கு ஆகமாட்டான். ஒன்பது வருடமாக அவள் சாய்ந்திருந்த சுவர் வெறும் காகிதம் என்பதுதான் உறுத்தியது.

ஆனால் சுவர் போனதும் வேறொன்று நடந்தது. அந்த வரியை எடுத்துவிட்டு யோசித்தபோது, அன்று அவள் கண்ணில் பட்டது அவளுக்கே திரும்பி வந்தது. முதல் முறை அந்தச் சிங்கம் உறுமிக்கொண்டு, வாலைச் சுழற்றிக்கொண்டு வந்தது. இரண்டாவது முறை அதன் வாயிலிருந்து சத்தமே வரவில்லை. காது மண்டையோடு ஒட்டியிருந்தது. தலை தாழ்ந்து, ஓடுகிற மனிதரை விட்டுவிட்டு, அவளையே பார்த்துக்கொண்டு வந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை. சாட்சி ஒருவர் இருந்ததால் அவளிடம் இரண்டு கேள்வியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

நான்காம் நாள் தேநீர் இடைவேளையில் லாசலோவைத் தனியாக அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப நிக்காதுன்னுதானே அர்த்தம்?" என்றான் கடைசியில்.

"தெரியல. சத்தமில்லாம வர்றது பெரும்பாலும் நிக்காது. பெரும்பாலும். அந்த ஒன்னு என்ன நெனச்சுச்சுன்னு அதுக்குத்தான் தெரியும்." கோப்பையிலிருந்த தேயிலைத் தூளைக் கீழே கொட்டினாள். "ஆனா கண்ணத் தொறந்து பாத்தவ நான் ஒருத்திதான். எனக்காக, பாக்காதத நீ பாத்ததா எழுதியிருக்கிறது வேணாம்."

"இப்ப போய் மாத்தி எழுதினா என் உரிமத்தப் புடுங்கிடுவாங்க."

"புடுங்கலாம்."

அவன் ஆற்றின் பக்கம் திரும்பினான். கரையில் நீர்யானைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து வெயில் காய்ந்தன. "நீங்க கூட வருவீங்களா?" என்று கேட்டான்.

வந்தாள். இருவரும் சைக்கிளில் வனத்துறை அலுவலகத்துக்குப் போனார்கள். பழைய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்திருந்த பெண்மணி லாசலோ இப்போது மாற்றி எழுதிக் கொடுத்த அரைப் பக்கத்தைப் படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தாள். பிறகு ஃபலேசி பக்கம் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினாள். "நீங்க பாத்தத எழுதுங்க."

ஃபலேசிக்கு எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. காதை எழுதினாள், தலையை எழுதினாள், சத்தமில்லாததை எழுதினாள். பாலையும் எழுதினாள். கடைசி வரி: 'நின்றிருக்குமா என்று எனக்குத் தெரியாது.' அதிகாரி இரண்டு தாளையும் கோப்பில் சேர்த்தாள். லாசலோவுக்கு ஒரு மாதம் பணி இடைநீக்கம். அவன் ஊருக்குப் போய்க் கூரை வேய்ந்துவிட்டு வந்தான்.

அவன் திரும்பிய வாரத்தில், ஆற்று மேட்டில் காட்டு நாய்க் கூட்டம் ஒன்று இம்பாலா மான் ஒன்றை அவர்கள் கண்ணெதிரே வீழ்த்தியது. பன்னிரண்டு நாய்கள், சண்டையில்லாமல், குட்டிகளை முதலில் தின்னவிட்டு, கால் மணி நேரத்தில் முடித்துவிட்டன. விருந்தாளிப் பெண் ஒருத்தி முகத்தைப் பொத்திக்கொண்டாள். லாசலோ அவள் பக்கம் குனிந்து, "கண்ண மூடினா தப்பில்லம்மா" என்றான். "அப்புறம் 'நான் பாத்தேன்'னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. முன்னால் நின்ற ஃபலேசியின் தோள் சிரிப்பில் குலுங்கியது.