வாசலுக்கு ஒரு வரி

வீடு வாங்குவதா, வாடகையிலேயே காலம் தள்ளுவதா என்று நானும் என் மனைவியும் ஒரு வருஷம் மல்லுக்கட்டினோம். காளவாசலில் ஒரு எலக்ட்ரிக் கடையில் நான் கால்கடுக்க நின்றதும், அவள் வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைத்ததும்தான் எங்கள் சேமிப்பு. ஆனையூரைத் தாண்டி, பஸ் போகாத இடத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் கட்ட அது போதும். மீதிக்கு இருபது வருஷ லோன். "வாங்கிறலாம். அப்புறம் சோத்துக்கு உங்க கடை பல்பையா திங்கிறது?" என்பாள். எனக்குச் சுர்ரென்று ஏறும்.

வாங்கியே தீரணும் என்று நான் வீம்பு பிடித்தது அப்பாவுக்காக. ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்து, அடுத்தவர் இடத்தில் குடிசை போட்டு என்னை ஆளாக்கியவர். இப்போது எங்களோடு வாடகை மாடியில் இருந்தார். ஒருநாள் கீழ்வீட்டில் குடியிருந்த பெரியவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். "வாடகை வீட்டுல பொணத்தைப் போட்டா நாளைக்கு எவன் குடி வருவான்?" என்று வீட்டுக்காரர் கேட்டைப் பூட்டிவிட்டார். ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றது. அவர் மகள்கள் வண்டிக்குள் ஏறி அழுதுவிட்டு இறங்கினார்கள். அப்படியே தத்தனேரிச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அப்பா மாடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஒரு மஞ்சப்பையில் புது வேட்டியும் துண்டும் வைத்துக் கதவோரம் மாட்டினார். உடம்பு லேசாகச் சுட்டால் போதும், பையை எடுத்துக்கொள்வார்.

"என்னைய ஊருக்கு பஸ் ஏத்தி விட்ருடா. உசுரோட போயிர்றேன். உனக்கு எதுக்கு வம்பு?"

"அங்க யாருப்பா இருக்கா? நிக்க எடம் இருக்கா?" என்று கத்துவேன்.

"மந்தை இருக்குல்ல, ஊருப் பொது எடம். அங்க போட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாய்ங்க."

கத்திவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். என்ன பிள்ளை நான் என்று வெட்கமாக இருக்கும்.

என் மனைவிதான் ஒருநாள் தைத்துக்கொண்டே சொன்னாள். "ஏங்க, மாமாவுக்கு வேண்டியது வீடு இல்ல. வாசல். அதை யாருகிட்டயாவது கேட்டுப் பார்த்தோமா?"

கோச்சடையில் ஒரு கீழ்வீடு ஒத்திக்கு வந்தது. மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டால் மூன்று வருஷம் வாடகை கிடையாது. காலி செய்யும்போது கொடுத்த பணம் அப்படியே திரும்பி வரும். வீட்டுக்கார அக்கா மாடியில் தனியாக இருந்தார். மேல்தளம் ஒழுகியது, அதைச் சரிசெய்யப் பணம் தேவைப்பட்டது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனோம்.

பக்குவமாகக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வாயைத் திறந்ததும் என் புத்தியைக் காட்டிவிட்டேன். "அக்கா, எங்கப்பா செத்துப்போனா இந்த வாசல்ல போட விடுவீங்களா, மாட்டீங்களா?" மனைவி என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அப்பா தரையைப் பார்த்தார்.

"போடாம? தெருவுலயா போடுவீக?" என்றார் அந்த அக்கா.

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். "பத்திரத்துல எழுதித் தருவீங்களா?" என்றேன். அவர் முகம் ஒரு நிமிஷம் சுருங்கியது. கதவோரம் நின்ற அப்பாவைப் பார்த்தார். "எழுதிக்கங்க" என்றார்.

பத்திரம் எழுதுபவர்தான் திணறிப்போனார். "அண்ணே, தண்ணி, கரண்டு, வெள்ளையடிக்கிறதுக்கெல்லாம் எழுதியிருக்கேன். இதை எப்படிண்ணே எழுத?" நல்லது கெட்டது எதுவானாலும் வாசலில் நடத்திக்கொள்ளலாம், உரிமையாளருக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒருவழியாக எழுதினார். அப்பா அந்த வரியை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு அந்த அக்காவைப் பார்த்தார்.

"மூணு வருசம்னு போட்ருக்கே தாயி. அதுக்குள்ள நான் போகாட்டி?"

அவர் சிரித்துவிட்டார். "இன்னொரு பத்திரம் போட்டுக்கிருவோம்யா. இப்ப என்ன அவசரம்?"

குடிபோன பிறகு முதல் மழையில் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று மனைவி போன் செய்தாள். கடையிலிருந்து பறந்தேன். உள்ளே நுழைந்ததும் கதவோரம்தான் பார்த்தேன். ஆணியில் பை இல்லை. அய்யய்யோ, கிளம்பிவிட்டாரா!

பின்பக்கம் ஓடினால், அப்பா புது வேட்டியைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சப்பை. அது நிறைய முருங்கைக்கீரை. மாடி அக்காவுக்கும் சேர்த்து உருவிக்கொண்டிருந்தார். நெற்றியைத் தொட்டேன். கொதித்தது.

"என்னப்பா இது, இம்புட்டு காய்ச்சலோட?"

"காச்சல்தானடா?" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "இதை உருவிட்டு இங்கனயே படுத்துக்கிர்றேன்."