டை கட்டிக்கொண்டு கடல் பார்த்தது

போட்டோகொப்பி இயந்திரம் திருத்துகிறவனுக்கு டை எதற்கு என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே கேட்டேன். வாடிக்கையாளருக்கு நம்பிக்கை வரும் என்றார் முகாமையாளர். அவர்களுக்கு நம்பிக்கை வந்ததோ தெரியாது, எனக்குக் கழுத்தில் வேர்க்குரு வந்தது. யுத்தம் முடிந்து பாதைகள் திறந்த பிறகு ஊரூராக அலுவலகங்கள் முளைத்தன. அலுவலகம் இருந்த இடத்திலெல்லாம் ஓர் இயந்திரமும், இயந்திரம் இருந்த இடத்திலெல்லாம் ஒரு பழுதும் இருந்தது. நான் மாத்தளைக்காரன். நாடு முழுவதும் சுற்றியிருக்கிறேன் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். உண்மையில் நான் பார்த்ததெல்லாம் அந்தந்த ஊர் இயந்திரங்களின் உட்புறம்தான். காலி நகரில் கோட்டைக்குள்ளேயே வேலை செய்துவிட்டுக் கோட்டையைப் பார்க்காமல் வந்தவன் நான்.

கடலோரக் கற்பிட்டிக்கு வேலை வந்தபோது, இங்கே அப்படி விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். கடலைப் பார்க்க வேண்டும், ஆறுதலாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

காலையில் தில்லையடியில் ஒரு பாடசாலை. இயந்திரத்துக்குள் பல்லி ஒன்று செத்துக் கிடந்தது. அதை எடுத்துப் போட்டதும் இயந்திரம் ஓடியது. அடுத்தது கற்பிட்டியில் ஓர் அலுவலகம். அங்கே இயந்திரத்துக்கு ஒரு நோயும் இல்லை, யாரோ அதன் வயரைக் கழற்றிவிட்டு மின்விசிறியைப் போட்டிருந்தார்கள். அவர்கள் வெட்கப்படக் கூடாதென்று மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் உள்ளே முறைத்துப் பார்த்தேன். பிறகு வயரைச் செருகினேன். எல்லோரும் கை கொடுத்தார்கள். மத்தியானம் முழுவதும் எனக்கு மிஞ்சியது.

முதலில் ஒல்லாந்தர் கோட்டைக்குப் போனேன். வாசலில் இருந்த கடற்படைக்காரர் என் டையைக் கண்டதும் எழுந்து நின்று, எந்தத் திணைக்களம் என்று சிங்களத்தில் கேட்டார். சும்மா சுற்றிப் பார்க்க வந்தேன் என்றேன். அவர் திரும்ப உட்கார்ந்துகொண்டார். கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறவர் சாப்பிடப் போயிருக்கிறார், பிறகு வாருங்கள் என்றார்.

வெளியே ஓர் ஆட்டோக்காரர் நின்றார். கடற்கரைக்கு என்று சொல்லி ஏறினேன். அந்த நாட்களில் அந்தப் பக்கம் டையோடு வருகிறவன் ஹோட்டல் கட்டக் காணி தேடுகிறவன்தான் என்பது எனக்குத் தெரியாது. முதலில் ஒரு தென்னந்தோப்பின் முன் நிறுத்தினார்.

"முன்னுக்குக் கடல், பின்னுக்குக் களப்புத் தண்ணி. இப்பிடி ஒரு காணி எங்கயும் எடுக்க ஏலாது சேர்."

"நானா, நான் கடலைத்தான் பாக்கணும்," என்றேன், அண்ணன் என்ற மரியாதையோடு.

"அதுவும் பாக்கலாம் சேர்," என்று இரண்டாவது தோப்புக்குக் கொண்டுபோனார். வழியில் தன் கதையைச் சொன்னார். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்த குடும்பம். இவ்வளவு பேருக்குக் காணி காட்டியும் தன் பெயரில் இன்னும் ஒரு துண்டு இல்லை என்றார். காணியைப் பற்றிச் சொன்ன அதே குரலில்தான் இதையும் சொன்னார். மூன்றாவது தோப்பில் நான் இறங்க மறுத்துவிட்டேன். பெரிய காசுக்காரன் இப்படித்தான் பிகு பண்ணுவான் என்று நினைத்திருக்க வேண்டும். நேரே கடற்கரைக்கு விட்டார்.

ஒருவழியாகக் கடல். கைபேசியை எடுத்து ஒரு படம் பிடித்தேன். இரண்டாவது படத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் கதிரை வந்தது. மீனவர்களின் ஓலைக் குடிசையான வாடியிலிருந்து ஒரு பெண் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, முந்தானையால் துடைத்து, எனக்கு முன்னால் வைத்தார். என் உம்மாவின் வயதிருக்கும், ஆனாலும் அக்கா முறையில் ராத்தா என்றுதான் வாயில் வந்தது. பின்னால் சாக்கு விரிப்பில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. பால் விடாத பிளேன்டியும் வந்தது.

"இரிங்க மகன். எங்கள எப்ப எழும்பச் சொல்லுவீங்க?"

எனக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார். போன வருடம் பக்கத்துக் கரைக்கும் இப்படித்தான் டை கட்டிய ஒருவர் வந்து படம் பிடித்தாராம். பிறகு எல்லைக் கட்டை வந்தது, முட்கம்பி வந்தது. அங்கிருந்தவர்கள் இப்போது மீன் கூடையோடு ஊரைச் சுற்றி வருகிறார்கள். இதைச் சொல்லும்போதும் என் பிளேன்டிக்குச் சீனி போதுமா என்று கேட்டார். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"ராத்தா, நான் காணி வாங்க வரல்ல. போட்டோகொப்பி மெஷின் திருத்துறவன்," என்று பையைத் திறந்து காட்டினேன். ஸ்க்ரூ ட்ரைவர், தூரிகை, மைத்தூள் படிந்த துணி. அவர் குனிந்து நன்றாகப் பார்த்தார். நம்பினார். அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அது வாடிப்போயிற்று.

"அப்ப நீங்க மேல ஆர்ட்டயும் சொல்ல ஏலாதே."

"ஏலாது ராத்தா."

"ஒரு வருஷமா யோசிச்சு வெச்சிருந்த, அந்த ஆள் வந்தா என்ன சொல்லுற எண்டு." குனிந்து இரண்டு கருவாட்டைத் திருப்பிப் போட்டார். பிறகு, "நீங்களாவது கேளுங்க மகன். ஒருக்கா சொல்லிப் பாக்கணும். உண்மையான ஆள் வாற நேரம் நாக்குத் தடுமாறக் கூடாது."

நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் இரண்டடி தள்ளி நின்று கைகளைக் கோத்துக்கொண்டார். அதுவரை மகனாக இருந்தவன் சேர் ஆனேன்.

"சேர், எங்கட வாப்பாட வாப்பா காலத்தில இருந்தே இந்தக் கரையிலதான் தோணி ஏத்துற. நீங்க ஹோட்டல் கட்டுங்க, நாங்க வேணாமெண்டு சொல்லல்ல. தோணி வாறதுக்கு ஒரு வழி, கருவாடு போட ஒரு துண்டு, அத மட்டும் விட்டுத் தாங்க. நாறுது எண்டா இன்னும் தள்ளிப் போடுறம். வெள்ளைக்காரங்க வாற நேரம் நாங்க வாடிக்குள்ளயே இருப்பம், வெளிய வர மாட்டம்."

சொல்லி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "எப்பிடி, சரியா?" என்று கேட்டார்.

நல்லா இருக்கு என்றேன். எதைப் பார்த்தாலும் ஒரு திருத்தம் சொல்லாமல் எழும்ப எனக்குத் தெரியாது. தொழில் அப்படி. "கடைசியில அழாமச் சொன்னா இன்னும் நல்லம் ராத்தா," என்றேன்.

அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அது நான் யோசிச்சு வெச்சதில இல்ல, மகன்," என்றார்.