தெற்கு ஜன்னல் பாட்டில்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு நின்றவள். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் என் சமையலறைத் தெற்கு ஜன்னலில் இருக்கும் அந்த ஊறுகாய் பாட்டிலை மறக்கவில்லை.

கோவில்பத்தில் என் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்த காலேஜ் டீச்சரம்மா வைத்தது அது. விழிதியூர்க் குளத்துத் தண்ணீரை இரண்டு பாட்டில்களில் ஊற்றி வைத்திருந்தார். உள்ளே புள்ளி புள்ளியாகத் தண்ணீர்த் தெள்ளுப் பூச்சிகள் தத்தித் தத்தி நீந்தும். பெரிய இனம் ஒன்று, அதில் பாதிகூட இல்லாத சின்ன இனம் ஒன்று. இரண்டுக்கும் ஒரே தீனி, பச்சைப் பாசி. ஒரு பாட்டில் நிழலான வடக்கு ஜன்னலில், மற்றது வெயில் படும் தெற்கில்.

என் வீட்டுக்காரர் போனபிறகு அவருடைய அண்ணன் ஞாயிறுதோறும் வருவார். "ஒத்தப் பொம்பளைக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வீடு? வித்துட்டு எங்களோட வந்து இரு" என்பார். நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன். ஒருநாள் வடக்கு பாட்டிலை எட்டிப் பார்த்தார். பெரியவை தீனியை வழித்துத் தின்றுவிட்டதில் சின்னவை அற்றுப்போயிருந்தன. "பாத்தியா, பெருசுதான் நிக்கும்" என்று சிரித்தார்.

"அது நெழல்ல வச்சதுங்க. கத்திரி வெயில் முடியட்டும், தெற்கால உள்ளதையும் வந்து பாருங்க" என்றார் டீச்சரம்மா.

கத்திரி முடிந்ததும் வந்தார், வீட்டுத் தரகரோடு. தெற்கு பாட்டிலில் பெரியவை வெளுத்து அடியில் கிடந்தன. சின்னவை தண்ணீர் முழுக்க ஆடிக்கொண்டிருந்தன. "வெயில்ல வச்சா எல்லாந்தான் மாறும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எப்படி வந்தேனோ, கதவை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

"அதத்தான் அத்தான் நானும் சொல்றேன். ஒங்க வீட்டு நெழல்ல நான் இல்லாமயே போயிடுவேன். இங்கயே இருந்துக்கறேன். தரகருக்கு டீ போடறேன், குடிச்சிட்டுக் கெளம்பட்டும்."

டீச்சரம்மா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவர் மாற்றலாகிப் போய் வெகுகாலமாகிறது. வீடு கேட்டு இப்போது அத்தானின் மகன் போன் செய்கிறான். பேசிக்கொண்டே தெற்கு ஜன்னலைப் பார்ப்பேன். பாட்டில் அங்கேயேதான் இருக்கிறது, குளத்துத் தண்ணீரோடு.

பெரியவை செத்தது சூட்டினால் மட்டும்தானா, வேறு ஏதும் உண்டா என்று டீச்சரம்மாவோ விஷயம் தெரிந்தவர்களோ பார்த்துத் திருத்த வேண்டும். நான் வீட்டை விட்டுப் போகவில்லை என்பதை யாரும் சரிபார்க்க வேண்டாம்.