கிளின்ரன் பிறந்த திகதி

றோஸ்மலருக்கு அமெரிக்கன் ஃபுட்போல் கடைசிவரை விளங்கவில்லை. ஐந்து செக்கன் முட்டிமோதிவிட்டு ஐந்து நிமிடம் நின்று கதைக்கிறார்கள், இதற்கு எதற்கு இவ்வளவு பெரிய தலைக்கவசம் என்று கேட்பாள். பந்து என்கிறார்கள், அது உருண்டையுமில்லை. ஃபுட்போல் என்கிறார்கள், காலால் உதைப்பதோ எப்போதாவதுதான். அதிலும் அவளுடைய மகன் கிளின்ரன் பந்தைத் தொட்டதே கிடையாது. முன்வரிசையில் நின்று, பந்தோடு ஓடுகிற தன் ஆளை எதிரணிக்காரன் நெருங்கவிடாமல் உடம்பால் மறிப்பதுதான் அவன் வேலை. பந்தைத் தொடாத பந்து விளையாட்டுக்காரனை உலகத்தில் தான்தான் பெற்றிருப்பதாக அவள் சொல்லிச் சிரிப்பாள். விளக்கம் சொல்லிச் சொல்லி மகள் பெனிற்றா களைத்துப் போனாள்.

றோஸ்மலர் மன்னார்க்காரி. லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு பாடசாலைச் சமையலறையில் இருபது வருடமாக வேலை செய்கிறாள். பொய் சொல்லத் தெரியாத மனுசி என்று கோயில் பங்கில் அவளுக்குப் பெயர். அந்தப் பெயரில் முக்கால்வாசி உண்மைதான். அவள் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்று. ஆனால் அந்த ஒன்றை இறக்கி வைக்க அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

2000ஆம் ஆண்டு, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் கொடுத்த கடவுச்சீட்டில் ஒரு தாயும் நாலு வயதுப் பிள்ளையும் இருந்தார்கள். கிளின்ரனுக்கு அப்போது ஆறு முடிந்திருந்தது. யாரும் கேட்டால் பிள்ளை பிறந்தது 1996 ஜனவரி முதலாம் திகதி என்று சொல்லச் சொன்னான். கேட்டார்கள், சொன்னாள். பயத்தில் அகதி விண்ணப்பத்திலும் அதையே சொன்னாள். அந்தத் திகதி பள்ளிக்கூடத்துக்குப் போனது, வைத்தியரிடம் போனது, கடைசியில் பிரித்தானியக் கடவுச்சீட்டிலும் ஏறிக் குந்திக்கொண்டது. இரண்டு வருடம் கழித்து வேறு பாதையால் வந்து சேர்ந்த கணவர் செபமாலைமுத்துவும் அதையே சொன்னார். திருத்தப் போனால் எல்லோரையும் பிளேனில் ஏற்றிவிடுவார்கள் என்று இருவரும் நடுங்கினார்கள். இங்கே பிறந்த பெனிற்றாவுக்கு ஏழு வயதானபோது செபமாலைமுத்து மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அந்தப் பயத்தைப் பங்குபோட அவளுக்கு ஆள் இல்லை.

உண்மையில் கிளின்ரன் பிறந்தது 1993 செப்டம்பர் எட்டில், மடுவில், அகதி முகாமின் தறப்பாள் கொட்டில் ஒன்றில். அன்று மாதாவின் பிறந்தநாள். அதனால் வருடா வருடம் செப்டம்பர் எட்டில் றோஸ்மலர் தன் கையால் கேக் அடித்தாள். ஏன் என்று கேட்ட பிள்ளைகளுக்கு "மாதாவின்ர பிறந்தநாள்" என்றாள். ஜனவரி முதலாம் திகதி கடையில் வாங்கிய கேக் வெட்டுவார்கள். அதில் ஒரு துண்டுகூட அவள் வாயில் வைத்ததில்லை.

கிளின்ரன் வளர்ந்த பிறகு செப்டம்பர் கேக்கில் ஒரு பிடிவாதம் பிடித்தான். "மாதா சாப்பிடமாட்டா தானே அம்மா, முதல் துண்டை எனக்குத் தாங்கோ" என்று தட்டோடு வந்து நிற்பான். சாப்பாட்டு ராமன் என்று அவள் பேசுவாள். பேசிவிட்டுக் கொடுப்பாள்.

சரியான திகதி எழுதியிருந்த கடதாசி உலகத்தில் ஒன்றுதான் இருந்தது, அவனுடைய ஞானஸ்நானப் பத்திரம். கோயிலில் உறுதிப்பூசுதல் சடங்குக்கு அது வேண்டுமென்று பங்குச் சுவாமி கேட்டபோது, அவள் அதைக் கவருக்குள் வைத்து ஒட்டி, கிளின்ரனின் கையிலேயே கொடுத்தனுப்பினாள். சுவாமி பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

இரண்டு வயது குறைத்துச் சேர்த்த பிள்ளை வகுப்பில் எப்படி நிற்பான்? மற்றப் பிள்ளைகளை விட ஒரு தலை உயரமாகத்தான் நின்றான். நல்ல வளர்த்தி என்று ஆசிரியர்கள் மெச்சும்போதெல்லாம் றோஸ்மலர் பேச்சை மாற்றுவாள். அந்த உடம்பைக் கண்டுதான் விளையாட்டு ஆசிரியர் அவனை 'லீ வேலி ஹெரன்ஸ்' அணியிடம் கூட்டிப்போனார். கிழக்கு லண்டன் பக்கத்து அணிகள் எட்டுச் சேர்ந்து நடத்தும் சின்ன லீக் அது. பத்தொன்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கானது. சம்பளமில்லை, பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் பெற்றோர், மீதிப் பேர் நாயோடு நடக்க வந்தவர்கள்.

அந்த லீக்கின் செயலாளர் கிரஹாம், இளைப்பாறிய தபால்காரர். 2006இல் தொடங்கிய நாளிலிருந்து எந்த வருடம் யார் சம்பியன் என்பதைச் செபம் சொல்வதுபோல ஒப்புவிப்பார். முதல் நாலு வருடமும் பார்க்கிங் ஊர் அணிதான், வேறு யாரையும் கிட்ட விடவில்லை. 2012இல் மைதானம் வெள்ளத்தில் கிடந்ததால் இறுதிப் போட்டியே நடக்கவில்லை. அவருடைய பட்டியலில் 2010க்கு நேரே மட்டும் ஒரு கோடு. அந்த வருடம் வென்ற அணியில் வயது கூடிய ஒருவன் விளையாடியது பிறகு தெரியவந்து, பட்டத்தைப் பறித்துவிட்டார்கள். விதி அப்படி. ஒருவனுக்கு வயது கூடினால் முழு அணிக்கும் பட்டம் இல்லை.

2014இல் ஹெரன்ஸ் இறுதிப் போட்டிக்கு வந்தது. அன்று காலை கிளின்ரன் கட்டிலை விட்டு எழும்பவில்லை. வயிற்றுக்குத்து, தன்னால் ஏலாது என்றான். றோஸ்மலர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை. பயத்தில் கள்ளம் பண்ணுகிறான் என்று நினைத்தாள்.

"எழும்படா. உன்னை நம்பி ஒரு கூட்டம் அங்க நிக்குது. இப்ப வந்து ஏலாது எண்டால் என்ன அர்த்தம்?"

"அம்மா, நான் போகாட்டி ஒண்டும் குறையாது."

"போடா முதல்ல!"

போனான். இருபதுக்குப் பதினாலு என்று ஹெரன்ஸ் வென்றது. அந்த அணியின் வரலாற்றில் அது ஒன்றுதான் பட்டம். அன்று எடுத்த படத்தில் எல்லோரும் வாயைப் பிளந்து கத்துகிறார்கள், பின்வரிசையில் கிளின்ரன் மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கூச்சம் என்று றோஸ்மலர் நினைத்தாள். பதக்கம் எங்கே என்று கேட்டபோது, எங்கேயோ விட்டுவிட்டேன் என்றான். பேச்சு வாங்கினான்.

இந்த வருடம், 2024 மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, களஞ்சியத்தில் வேலை செய்துகொண்டு நின்ற கிளின்ரன் அப்படியே விழுந்தான். தகப்பனுடைய இதயம்தான் அவனுக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிய ஆறு பேரும் அந்த 2014 அணிக்காரர். அந்தத் தோள்களைப் பார்த்தபோதுதான் இந்த விளையாட்டு எதற்கு என்று றோஸ்மலருக்குக் கொஞ்சம் விளங்கியது.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க வேண்டும். பெனிற்றா கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள்.

"பிறந்த திகதி போடு. தொண்ணூற்று மூண்டு, செப்டம்பர் எட்டு."

"அம்மா, அண்ணா ஜனவரி ஒண்டெல்லோ? தொண்ணூற்று ஆறு."

"நான் பெத்தனான். எனக்குத் தெரியும். போடு."

பெனிற்றா திரும்பிப் பார்த்தாள். அன்றுதான் றோஸ்மலர் எல்லாவற்றையும் மகளுக்குச் சொன்னாள். இனி அவனை எந்தப் பிளேனிலும் ஏற்றமாட்டார்கள். ஆண்டவரிடமாவது பிள்ளையைச் சரியான திகதியோடு அனுப்ப வேண்டும் என்று நினைத்தாள். தமிழில் ஒரு பக்கம், அணிக்காரருக்காக இங்கிலிஷில் ஒரு பக்கம் என்று அட்டை வந்தது. அதைக் கையில் எடுத்தபோது இருபத்துநாலு வருடத்துக்குப் பிறகு அவளுடைய நெஞ்சு லேசாகியது. பாவி மனுசி, அந்த லேசு ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை.

மே மாதம் ஒரு பின்னேரம் கிரஹாம் வீட்டுக்கு வந்தார். கையில் அந்த அட்டை. லீக்கின் சம்பியன்கள் வரலாற்றைச் சிறு புத்தகமாக அடிக்கப் போவதாகவும், 2014ஆம் ஆண்டுப் பக்கத்தில் கிளின்ரனின் படத்தைப் போட விரும்புவதாகவும் சொன்னார். பிறகு அட்டையை மேசையில் வைத்து, பிறந்த வருடத்தின் மேல் விரலை வைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அட்டையிலுள்ள வருடம் சரியென்றால் அந்த இறுதிப் போட்டியன்று அவனுக்கு இருபது வயது, 2010க்குச் செய்ததை 2014க்கும் செய்யாமல் தன்னால் இருக்க முடியாது என்றார். அச்சுப்பிழையாக இருந்தால் ஒரு சொல் போதும், அதற்கு மேல் தான் கேட்கமாட்டேன் என்றார்.

பெனிற்றா மொழிபெயர்த்துவிட்டு, "நான் என்ன சொல்ல அம்மா?" என்றாள்.

றோஸ்மலர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் கிளின்ரனுக்கு நேரே கோடு விழும். அவனுக்கு மட்டுமா? பெட்டி தூக்கிய அந்த ஆறு பேருக்கும், மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் விழும். அவர்களுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பட்டம், வயது குறைத்த ஒருத்தியால் போகும். பொய் சொன்னாலோ, தறப்பாளுக்குக் கீழே அவள் பெற்ற பிள்ளையை மறுபடியும் இல்லையென்று சொல்வதாகும். அன்று விமான நிலையத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றான். இன்று பிடிக்க அந்தக் கையும் இல்லை.

"அச்சுப்பிழை எண்டு சொல்லு" என்றாள்.

கிரஹாமின் கண் கலங்கியது. இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அவள் தேத்தண்ணி போடப் போய், கேத்திலைப் போட மறந்து குசினியில் நின்றாள். அவர் போன பிறகு வீட்டில் மிஞ்சியிருந்த அட்டைகளை எல்லாம் பொறுக்கி அலுமாரிக்கு அடியில் வைத்தாள். பிள்ளையின் முகத்தைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஓகஸ்ட் கடைசியில், இந்த வருட இறுதிப் போட்டியன்று மைதானத்தில் புத்தகத்தைக் கொடுத்தார்கள். பெனிற்றா தாயைக் கூட்டிப் போயிருந்தாள். 2014க்கு நேரே ஹெரன்ஸ். கீழே கிளின்ரனின் சிரித்த முகம், அதன் கீழ் 1996 முதல் 2024 வரை. றோஸ்மலர் மைதானத்து வாங்கில் குந்தியிருந்து அந்த இலக்கத்தையே தடவினாள். அவன் பால் குடித்த காலமும், மடுக் கோயில் முற்றத்தில் நடை பழகிய காலமும் அந்தப் புத்தகத்தில் இல்லை. அதற்குச் சாட்சி இனி அவள் ஒருத்திதான் என்று நினைத்தாள்.

அப்போது சஞ்சய் வந்து பக்கத்தில் இருந்தான். இல்ஃபோர்ட் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை, கிளின்ரனோடு விளையாடியவன், இப்போது ஹெரன்ஸின் பயிற்சியாளர். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து அவள் கையில் வைத்தான். நீல நாடா போட்ட பதக்கம். 2014 என்று எழுதியிருந்தது.

"அன்ரி, இது கிளின்ரனின்ர. அண்டைக்குப் பின்னேரமே எனக்குத் தந்திட்டான்."

"உனக்கேன் தந்தவன்? உனக்கும் ஒண்டு தந்திருப்பினம் தானே?"

"இல்லை அன்ரி. பைனலுக்கு என்ர பேர் லிஸ்டில இல்லை. அவன் நிண்ட இடம்தான் என்ர இடம். அவன் இல்லாட்டி நான் விளையாடியிருப்பன். இது உனக்கு வர வேண்டியது எண்டு சொல்லித் தந்தான். ஏன் எண்டு கேட்டன்." சஞ்சய் மைதானத்தைப் பார்த்தான். "எனக்கு இருபது வயசு மச்சான், ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டான்."

றோஸ்மலர் அவனுடைய முழங்கையைப் பிடித்தாள்.

"அவனுக்குத் தெரியுமா?"

"ஓம் அன்ரி. சேர்ச்சுக்கு ஏதோ லெட்டர் கொண்டு போனவனாம். திறந்து பார்த்தவனாம். தனக்குத் தெரியும் எண்டு தெரிஞ்சால் அம்மா பயந்திடுவா, ஏற்கெனவே அப்பாவும் இல்லை எண்டு சொன்னான். பைனலுக்கு வராமல் விடத்தான் பார்த்தவனாம். முடியேல்லையாம்."

அவளுக்கு அந்தக் காலை நினைவு வந்தது. காய்ச்சல் இல்லாத நெற்றி. "போடா முதல்ல" என்று துரத்திய தன் வாய். "நான்தானடா அனுப்பினனான்" என்று சொல்லிக்கொண்டு அவள் அந்த வாங்கிலேயே உடைந்து அழுதாள். சனம் திரும்பிப் பார்த்தது, அவள் கவலைப்படவில்லை. மகனைக் காப்பாற்றுவதாக அவள் நினைத்துக்கொண்டிருந்த வருடங்கள் எல்லாம், தாய்க்கு முன்னால் நின்று மறித்துக்கொண்டிருந்தவன் அவன்.

கன நேரத்துக்குப் பிறகு முகத்தைத் துடைத்தாள். "கிரஹாமிட்டப் போய் உண்மையைச் சொல்லட்டோ தம்பி?"

"அது உங்கட விருப்பம் அன்ரி. ஆனா அவன் பத்து வருசம் சொல்லாமல் இருந்தது எங்களுக்காகவும்தான்."

அவள் பதக்கத்தை இரண்டு கைக்குள்ளும் வைத்து ஒருமுறை அழுத்திவிட்டு, சஞ்சயிடமே திருப்பிக் கொடுத்தாள். "அவன் உனக்குத் தந்தது. நீயே வச்சிரு."

செப்டம்பர் எட்டு இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசை முடிந்து, தாயும் மகளும் கேக்கைத் தூக்கிக்கொண்டு அவனைப் புதைத்த சேமக்காலைக்குப் போனார்கள். மண் இறுகிக் கல் வைக்க இன்னும் மாதங்கள் கிடக்கின்றன. கல்லில் எந்தத் திகதி என்று றோஸ்மலர் இன்னும் முடிவெடுக்கவில்லை. இப்போதைக்குப் பெயர் மட்டும் எழுதிய ஒரு மரச்சிலுவை நிற்கிறது.

கேக்கை வெட்டி முதல் துண்டைச் சிலுவையடியில் வைத்தாள். தட்டோடு வந்து நிற்கும் அந்த நெடிய உருவம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவன் முதல் துண்டு கேட்டது சாப்பாட்டு ஆசையில் இல்லை. தன்னுடைய பிறந்தநாளைத் தாயின் கையிலிருந்து அவனால் அப்படித்தான் வாங்க முடிந்தது. ஒரே ஒரு வருடம், ஒரே ஒரு தரம், இரண்டு பேரில் ஒருவராவது வாயைத் திறந்திருக்கலாம்.

றோஸ்மலர் புல்லில் முழங்காலிட்டு, ஈர மண்ணில் கையை வைத்தாள். மாதாவின் பெயரை அன்று அவள் எடுக்கவில்லை.

"தம்பி, இண்டைக்கு உனக்கு முப்பத்தொரு வயசு" என்றாள்.