கொழும்பில் எட்டு மணித்தியாலம்

ஒரு காரணமும் இல்லாமல் கப்பல் ஏறலாம் என்பதை மலேசியாவுக்கு வந்து பத்து வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். எண்பத்து நாலாம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஈஜோக்கைத் தாண்டி உள்ளே இருக்கும், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் என் கணவர் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. எங்கள் சாப்பாட்டு மேசையில், மீன் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில், இரண்டு வழவழப்பான புத்தகங்கள் கிடந்தன. ஒன்றுக்குப் பச்சை அட்டை, மற்றதற்கு நீல அட்டை. இரண்டு பெரிய கப்பல் கம்பெனிகள் தங்கள் உல்லாசப் பயணங்களைப் பற்றி அச்சடித்தவை. கிள்ளானிலிருந்து கணவரின் ஒன்றுவிட்ட தம்பி சிவாவும் அவருடைய மனைவி வசந்தியும் கொண்டுவந்திருந்தார்கள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை கணவரின் அம்மாவான மாமியிடம் விட்டுவிட்டு நாங்கள் நால்வரும் கப்பலில் போவதாம். எந்தக் கம்பெனிக் கப்பல் என்று முடிவு செய்துவிட்டால் பதிவு செய்துவிடலாமாம். எங்கே போகிறோம் என்று கேட்டேன்.

"எங்க போறோம்றது முக்கியமில்ல அக்கா. கப்பல்தான் முக்கியம். சும்மா பூசிங்-பூசிங் சுத்திட்டு அதே எடத்துக்கு வந்துரலாம் லா," என்றாள் வசந்தி.

ஊரிலிருந்து, இலங்கையிலிருந்து, இதை வாசிக்கிறவர்களுக்கு இது பகிடி போலத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நம் ஆட்கள் கப்பல் ஏறினால் உத்தியோகத்துக்கு ஏறுவார்கள், கலியாணத்துக்கு ஏறுவார்கள். என் மாமனாரின் தகப்பன் யாழ்ப்பாணத்து மானிப்பாயிலிருந்து இந்த நாட்டுக்குக் கிராணி வேலைக்கு வந்தது அப்படித்தான். மறுநாள் கோலசிலாங்கூர் தபால் கந்தோரிலிருந்து கடிதங்கள் கொண்டுவந்த லோரி டிரைவர் முனியாண்டியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவன் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டே சிரித்தான். "கெளம்புன எடத்துக்கே வர்றதுக்கு ஒரு கப்பலா, கிராணியம்மா? எங்க தாத்தா ஏறுன கப்பலு திரும்பிப் போகவே இல்லியே!" என்றான். அந்த வீட்டில் யாரும் பேசாத நியாயத்தை அவன் ஒருத்தன் பேசினான்.

எனக்கோ கோபம்தான் வந்தது, அதற்குக் காரணம் வேறு. அதற்கு முந்திய வருடம் ஆடி மாதக் கலவரத்தில் கொழும்பில் மற்றத் தமிழர் வீடுகளோடு எங்கள் வீடும் எரிந்தது. வெள்ளவத்தையில் அப்பா பாடுபட்டுக் கட்டிய வீடு. அம்மாவும் தம்பி குகனும் உடுத்த உடுப்போடு ஒரு பள்ளிக்கூடத்தில் பல நாள் தரையில் படுத்திருந்து, பிறகு ஒரு சரக்குக் கப்பலில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டார்கள். மேல்தட்டில் வெயிலில் சனத்தோடு சனமாக, ஒரு வாளித் தண்ணீரை எத்தனையோ பேர் குடித்தபடி போனதைத் தம்பி எழுதியிருந்தான். அம்மா ஒரு தகரப் பெட்டியின் மேல் குந்தியிருந்தபடியே கரை சேர்ந்தாளாம். அந்தக் கடிதம் என் தையல் பெட்டிக்குள் இருக்கிறது. பச்சைப் புத்தகத்தின் நடுப்பக்கத்திலும் ஒரு மேல்தட்டு இருந்தது. அதில் சாய்வு நாற்காலிகள், குடை குத்திய பழச்சாறு, மல்லாந்து படுத்திருக்கும் ஒரு வெள்ளைக்காரி. அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட வேண்டும் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குழம்பு பரிமாறினேன்.

என் கணவர் எதையும் கோடு கிழித்து இரண்டு பத்தியாக்காமல் யோசிக்க மாட்டார். நீளத்தாள் ஒன்றில் இடது பக்கம் பச்சை, வலது பக்கம் நீலம். சாப்பாடு எத்தனை வேளை, நீச்சல் குளம் எத்தனை, அறைக்கு ஜன்னல் உண்டா, கட்டில் ஒட்டியதா பிரிந்ததா என்று வரிசையாக எழுதினார். பச்சைக் கப்பல் புதியது, இரண்டு குளம், சினிமாக் கொட்டகைகூட உண்டு. நீலக் கப்பல் பழையது, ஒரே குளம், படத்தில் பார்த்தால் எங்கள் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி அளவுதான். வசந்திக்கு மூச்சே நின்றுவிடும் போல இருந்தது. "அக்கா, பச்சையில நடுராத்திரிக்குக்கூட சாப்பாடு போடுறானாம்!" நாங்கள் நாலு பேரும் ஆறு வேளை தின்றுவிட்டு ஏழாவது வேளைக்கு எழுந்து போவதைப் பற்றி ஒரு மத்தியானம் முழுவதும் பேசினார்கள். நான் எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போனபிறகு மேசையைத் துடைக்கும்போதுதான் நீலப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் கண்ணில் பட்டது. அதில் கப்பல் போகும் பாதையைப் புள்ளி வைத்துக் காட்டியிருந்தார்கள். பச்சைக் கப்பல் பினாங்கு, பூகெட், மேடான் என்று போய்த் திரும்பியது. நீலம் சிங்கப்பூரிலிருந்து நேரே மேற்கே போய்க் கொழும்பில் நின்றது. காலையில் நின்றால் மாலையில் புறப்படும், எட்டு மணித்தியாலம். நான் ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அம்மாவை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டுத் தம்பி வேலைக்காகத் திரும்பவும் கொழும்புக்கு வந்திருந்தான். யாருடைய வீட்டிலோ ஓர் அறையில் இருந்தான். அவனை நான் பார்த்துப் பத்து வருடம். என் கலியாணத்தில் அவனுக்கு மீசை அரும்பியிருக்கவில்லை.

கொழும்புக்கு விமானம் ஏறுகிறேன் என்றால் வீட்டில் யாரும் விடமாட்டார்கள். ஆடிக்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்க விட்டதில்லை. ஆகவே நானும் புத்தகங்களை ஒப்பிடத் தொடங்கினேன், வெட்கமில்லாமல். நீலக் கப்பலில் மரக்கறிச் சாப்பாடு தனியாகச் சமைக்கிறார்களாம் என்றேன். சின்னக் கப்பல்தான் குலுக்காது என்றேன், அது பச்சைப் பொய். பச்சைக் கப்பலில் சூதாட்ட அறை இருக்கிறது, மாமி கேள்விப்பட்டால் என்ன நினைப்பார் என்றுகூடச் சொன்னேன். மூன்றாம் நாள் கணவர் தன் தாளில் 'துறைமுகங்கள்' என்று புதிதாக ஒரு வரி எழுதினார். எழுதிய கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுக்குத்தானா மரக்கறிச் சாப்பாடு?"

"ஓம், இதுக்குத்தான்."

"உனக்கென்ன பைத்தியமா? பேப்பர் பாக்கிறதில்லையா? அங்க இப்ப யார் போறா?"

"என்ர தம்பி அங்கதான் இருக்கிறான். உங்கட அம்மா கிள்ளானில இருக்கிறா, சனிக்கிழமை சனிக்கிழமை காரெடுத்துக்கொண்டு போய்ப் பாக்கிறியள். ஒரு கிழமை தவறினால் உங்களுக்குச் சோறு இறங்குதில்லை. நான் பத்து வருசத்தில எட்டு மணித்தியாலம் கேக்கிறன். அதுகும் பகல் வெளிச்சத்தில, உங்களோட, மலேசியாப் பாஸ்போர்ட்டோட. இதுகும் கூடிப்போச்சோ?"

அந்த வீட்டில் நான் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டில் ரேடியோவைக் குறைத்தார்கள். அவர் நீலப் பத்தியில் 'கொழும்பு' என்று எழுதினார். பிறகு ஒரு நிபந்தனை சொன்னார். சிவாவுக்கும் வசந்திக்கும் தம்பியைப் பற்றி மூச்சு விடக் கூடாது. தெரிந்தால் பயந்து விலகிவிடுவார்கள். அந்த நேரத்தில் எதற்கும் தலையாட்டியிருப்பேன்.

கிள்ளானில் பதிவு செய்யப் போனோம். கந்தோரில் இருந்த சீனப் பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். "ஆன்டி ஃபர்ஸ்ட் டைம் ஸ்ரீலங்கா?" என்று கேட்டாள். நான் அங்கே பிறந்தவள் என்றேன். "வாவ், சோ லக்கி! அப்ப ஆன்டிதான் எல்லாருக்கும் டூர் கைட்!" என்று கைதட்டினாள். என் தம்பி கப்பலுக்கு வந்து என்னைப் பார்க்கலாமா என்று கேட்டேன். வெளியாட்களைத் துறைமுகத்துக்குள் விடமாட்டார்கள் என்றாள். நான் அவன் இருக்கும் இடத்துக்குப் போகலாமா? "தாக் போலே, ஆன்டி." இப்போதைய நிலைமையில் தனியாக எங்கும் போக முடியாதாம். இறங்குவதற்கு ஒரு துண்டுச் சீட்டுத் தருவார்கள், எல்லோரும் ஒரே பஸ்ஸில் போக வேண்டும், ரத்தினக் கடை, கல்கிசை ஹோட்டலில் சாப்பாடு, பிறகு கப்பல். "வெரி சேஃப் ஆன்டி, டோன்ட் வரி," என்று என் கையைத் தட்டிக் கொடுத்தாள். நான் பயப்படுகிறேன் என்று நினைத்துவிட்டாள். நான் பிறந்து, படித்து, சைக்கிள் ஓட்டிய ஊரில் இறங்க எனக்குத் துண்டுச் சீட்டு! எனக்கு வந்த ஆத்திரத்தில் கையெழுத்துக்கூடச் சரியாக விழவில்லை.

தம்பிக்கு எழுதினேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. அவனும் கணக்குப் பார்த்திருந்தான். ஹோட்டல் வாசலில் அடையாள அட்டை கேட்கிறார்களாம், அங்கே வர முடியாது. ஆனால் கல்கிசைக்குப் போகிற பஸ் காலி ஊருக்குப் போகும் பெருவீதியால்தான் போக வேண்டும். வெள்ளவத்தைச் சந்தையைத் தாண்டினதும் இடது பக்க பஸ் தரிப்பிடத்தில் நிற்பான். "நீ இடது பக்க ஜன்னலில் இரு. அந்த இடத்தில் பஸ்கள் ஊரும், நன்றாகப் பார்க்கலாம். ஒன்று சொல்கிறேன் அக்கா, கோபிக்காதே. என்னைக் கண்டதும் தமிழில் கூப்பிடாதே." இரண்டு கப்பல், நாற்பது பக்கம், ஏழு வேளைச் சாப்பாடு, எல்லாவற்றையும் ஒப்பிட்டு முடித்து எனக்குக் கிடைத்தது ஒரு பஸ்ஸின் இடது பக்கம்.

கப்பலைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. குளத்தில் இறங்கவில்லை. கொழும்பு வந்த காலையில் எல்லோருக்கும் முன்னால் பஸ்ஸுக்கு ஓடி, இடது பக்கம் மூன்றாவது வரிசை ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் கணவர். எனக்குப் பின்னால் ஜன்னலோரம் வெள்ளைத் தொப்பியும் வெயில் கண்ணாடியும் போட்ட வசந்தி, பக்கத்தில் சிவா. ஜன்னல் கண்ணாடிகளுக்குக் கறுப்புப் பூச்சு, உள்ளே குளிர். வழிகாட்டி ஒலிவாங்கியில் நீலக் கற்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தான். பம்பலப்பிட்டி தாண்டியது. வெள்ளவத்தையில் கரி பிடித்த சுவர்கள் இரண்டொன்று இன்னும் நின்றன. வழிகாட்டி அந்த நேரம் பார்த்து எல்லோரையும் வலது பக்கம் தெருக்களுக்கு ஊடாகக் கடலைப் பார்க்கச் சொன்னான்.

சந்தை தாண்டி பஸ் ஊர்ந்தது. தரிப்பில் நின்றான். தலைமயிர் முன்னால் கொட்டியிருந்தது, தோள் எலும்பு சட்டைக்கு மேலே தெரிந்தது, அப்பாவைப் போலவே ஒரு காலைச் சாய்த்து நின்றான். வாய்வரை வந்த பெயரை விழுங்கினேன். இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் அழுத்தினேன். அவனுடைய கண் முன்வரிசையிலிருந்து ஜன்னல் ஜன்னலாக வந்து, என்னைத் தாண்டி, பின்னால் போய் நின்றது. கையை உயர்த்தி ஆட்டினான். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, பாருங்க, ஒருத்தன் நமக்குக் கை காட்டுறான்!" என்று வசந்தி பின்னாலிருந்து கத்தினாள். "ஹாய்! பாய்-பாய்! நல்ல ஜனங்க லா இவங்க, பேப்பர்ல சும்மா எழுதுறாங்க." அவளுடைய கை அவனுக்கு ஆடுவதை என் ஜன்னல் ஓரமாகப் பார்த்தேன். திரும்பி அவளை அறைந்துவிட எழுந்தேன். கணவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவரும் குனிந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு என்ன தெரியும்? சொல்லாமல் மறைத்தது நாங்கள். ஆனாலும் அந்தக் கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. கப்பல் மேல், துண்டுச் சீட்டு மேல், பஸ்ஸின் கறுப்புக் கண்ணாடி மேல், கூப்பிடாமல் வாயை மூடிக்கொண்டிருந்த என் மேல். பஸ் வேகம் எடுத்துவிட்டது.

தோட்டத்துக்குத் திரும்பிய மூன்றாம் வாரம் முனியாண்டி வான்கடிதம் கொண்டுவந்தான். தம்பியின் எழுத்து. "அன்பின் அக்கா, உன்னைக் கண்டேன். வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக இருந்ததால் முதலில் சந்தேகமாக இருந்தது. நீயும் சிரித்துக் கை காட்டிய பிறகுதான் உறுதியானது. நன்றாக இருக்கிறாய். சந்தோஷமாக இருக்கிறாய் என்று அம்மாவுக்கு எழுதிவிட்டேன். அவ மூன்று தரம் வாசித்தாவாம்."

அன்றைக்கு நான் கட்டியிருந்தது அம்மா கலியாணத்துக்குத் தந்த மாம்பழ நிறச் சேலை. என்னிடம் தொப்பியே கிடையாது. உண்மையை எழுதிக் கிழித்தேன். மறுபடி எழுதினேன், அதையும் கிழித்தேன். தபால் கட்டும் நேரம் நெருங்கி, வெளியே முனியாண்டி லோரியை உறுமவிட்டபடி காத்திருந்தான். புதிய தாளில், "ஓம் தம்பி, அது நான்தான். நானும் உன்னைக் கண்டேன்," என்று எழுதி, ஒட்டி, அவனிடம் கொடுத்தேன்.