விளங்காத ஒரு சொல்

போர் நின்றிருந்த சமாதான காலத்தில் கிளிநொச்சியில் பாமசி, அதாவது மருந்துக்கடை, வைத்திருந்த பெரியவர் ஒருவர், மூக்கு நுனியில் கண்ணாடியோடு, டொக்டர்மாரின் எந்தக் கிறுக்கலையும் வாசித்துவிடுவார். விளங்காத சொல்லை மட்டும் ஊகிக்கமாட்டார். ஆஸ்பத்திரிக்கே போய்க் கேட்டு வருவார்.

ஒருநாள் நான் இருமல் பாணிக்குக் காத்து நிற்கையில், உடையார்கட்டிலிருந்து வந்த அம்மா ஒருவர், கனடாவிலிருந்து மகன் எழுதிய கடிதத்தை அவரிடம் நீட்டினார். வீட்டில் ஒருவருக்கும் அந்தக் கையெழுத்து விளங்கவில்லையாம்.

“வாற மாசம் வாறாராம், அம்மா. ஆரோடை எண்டதுதான் விளங்கேல்லை. போன் எடுத்துக் கேளுங்கோ,” என்றார் கடைக்காரர்.

எதிரே இருந்த தொலைபேசி நிலையத்துக்குப் போன அம்மா, கண் கலங்கச் சிரித்தபடி ஓடிவந்தார்.

“மனிசியோடை வாறானாம்! சொல்லாமல் கலியாணம் கட்டிப்போட்டான், கள்ளன்!”

அந்த அம்மா போனதும், கடைக்காரரிடம் “உங்களுக்கு உண்மையாவே விளங்கேல்லையோ?” என்று கேட்டேன்.

“பாணியைக் குலுக்கிப்போட்டுக் குடியுங்கோ, தம்பி,” என்று சிரித்தார்.

அந்தச் செய்தியை மகனே சொல்லட்டும் என்று விட்டாரோ, இன்றும் எனக்குத் தெரியாது.