ஏசிக்கு ஈரச்சாக்கு

என் மாமனார் நாமக்கல்லில் ஆயுள் முழுக்கக் கோழிப்பண்ணை நடத்தியவர். சித்திரை வெயிலில் கொட்டகையைச் சுற்றி ஈரச்சாக்குக் கட்டியே ஆயிரக்கணக்கான கோழிகளைக் காப்பாற்றியவர். போன கோடையில் எங்கள் வீட்டுக்கு ஏசி வந்தது. அதன் பெட்டி வெளிச்சுவரில் வெயிலில் காய்வதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. நாலு பக்கமும் ஈரச்சாக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டார்.

மறுநாள் அறைக்குள் அனல்தான் அடித்தது. வந்த மெக்கானிக் சாக்கைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். “ஏனுங்கய்யா, சூடு வெளிய போறதுக்கு வழியே இல்லாம அடைச்சுப் போட்டீங்களே!” என்று எல்லாவற்றையும் அவிழ்த்துப் போட்டார்.

ஏசி பிழைத்துக்கொண்டது. நாங்கள்தான் மாட்டிக்கொண்டோம். இப்போதெல்லாம் வெயில் உச்சிக்கு ஏறியதும் மாமனார் வந்து ஏசியை அணைத்துவிடுகிறார்.

“வெயில் கொளுத்தறப்பத்தானுங்க மாமா ஏசியே வேணும்!” என்று கத்திப் பார்த்துவிட்டேன்.

“அந்நேரத்துக்குக் கோழிக்கே தீனி வெக்க மாட்டோம் அம்மிணி. வாயில்லாத சீவன், செத்த நேரம் ஓயட்டும்” என்கிறார்.

அவிழ்த்த சாக்குகளை அவர் வீணாக்கவில்லை. தினமும் நனைத்து எங்கள் ஜன்னல்களில் கட்டிவிடுகிறார்.